பவளத்திட்டு நலமா? ஒற்றை எண்ணில் அடங்காத கேள்வி

2022 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம் வெளியிட்ட ஆண்டறிக்கை பலரைக் குழப்பிவிட்டது. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் (கிரேட் பேரியர் ரீஃப்) வடபகுதியில் அடிப்பரப்பின் 36 சதவீதத்தையும், நடுப்பகுதியில் 33 சதவீதத்தையும் உயிருள்ள கடினப் பவளம் மூடியிருந்தது. எண்பதுகளின் நடுவில் தொடங்கிய கணக்கெடுப்பில் அவ்வளவு உயர்ந்த எண்கள் அதுவரை வந்ததில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன்புதான், அதே ஆண்டு மார்ச்சில், அந்தத் திட்டின் பவளங்கள் வெப்பம் தாங்காமல் பெருமளவில் நிறமிழந்து வெளுத்துப்போயிருந்தன. அழிகிறது என்று சொன்னவர்களே இப்போது சாதனை அளவு என்கிறார்களே, எதை நம்புவது என்று பலர் கேட்டார்கள். மூன்றே ஆண்டில் படம் மாறியது. 2025 அறிக்கையில் வடபகுதியின் பவளப் பரப்பு ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தென்பகுதியில் 30 சதவீதத்துக்கும் மேல் சரிவு. அந்த இரு பகுதிகளிலும் கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய ஓராண்டுச் சரிவு பதிவானதில்லை.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்தார்கள். படித்தவர்கள்தான் 'எவ்வளவு இருக்கிறது' என்ற அளவை 'எவ்வளவு நலமாக இருக்கிறது' என்பதற்கான விடையாக எடுத்துக்கொண்டார்கள். ஆழமற்ற கடலில் வளரும் பவளத்திட்டுக்கு அடி விழுவது புதிதல்ல. புயல், வெப்பம், நோய், தின்னிகள் எல்லாம் எப்போதும் இருந்தவை. அடி விழுந்தபின் எழுந்து வருகிறதா, எவ்வளவு வேகத்தில், எந்த வகைப் பவளங்களோடு எழுகிறது என்பதில்தான் அதன் நலம் இருக்கிறது. அதை ஒரே நாளில் ஒரே எண்ணில் பிடிக்க முடியாது.

முதலில் பவளம் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சிறு உயிரிகள் கூட்டமாகச் சேர்ந்து, அடியில் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை கொடுப்பவை இவைதான். திட்டு கட்டும் பவளங்கள் வெளிச்சம் எட்டும் ஆழத்தில் செழிப்பதற்குக் காரணம் இதுவே. பொதுவாக 30 மீட்டருக்குள் இருப்பவற்றை ஆழமற்ற திட்டுகள் என்கிறார்கள். சூடேறும் மேல்நீரும் கரையிலிருந்து வரும் சேறும் உரக்கழிவும் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

பரப்பை எப்படி அளக்கிறார்கள்?

முறைகள் பல இருந்தாலும் கரு ஒன்றுதான்: கடலடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்வது. 1996இல் தொடங்கப்பட்டு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு உலகம் முழுதும் நடக்கும் ரீஃப் செக் திட்டத்தில், 100 மீட்டர் அளவுநாடாவை ஒரே ஆழத்தில் விரிக்கிறார்கள். அதில் 20 மீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகள், இடையே சிறு இடைவெளி. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நாடாவின் நேர்கீழே இருப்பது கடினப் பவளமா, மென்பவளமா, அண்மையில் இறந்த பவளமா, பாசியா, கடற்பஞ்சா, உடைந்த துண்டுகளா, மணலா என்று நீருக்கடியில் எழுதும் பலகையில் குறிக்கிறார்கள். 160 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு இடத்தின் கணக்கு முடிந்தது.

பெரிய திட்டுகளுக்கு இது போதாது. அங்கே படகின் பின்னால் கயிற்றில் கட்டிய பலகையைப் பிடித்தபடி ஒருவர் நீந்துக்குழாயோடு இழுபட்டுக்கொண்டே கீழே பார்ப்பார். இரண்டு நிமிடம் இழுத்ததும் படகு நிற்கும். பார்த்த பவளப் பரப்பு எந்தச் சதவீத வரம்புக்குள் அடங்கும் என்று சொல்வார், அப்புறம் அடுத்த இரண்டு நிமிடம். இப்படியே திட்டின் ஓரத்தை முழுக்கச் சுற்றிவந்துவிடலாம். ஆஸ்திரேலியர்கள் எண்பதுகளிலிருந்து செய்வது இதைத்தான். துல்லியம் குறைவு, வீச்சு அதிகம். நிலையான இடங்களில் இரும்புக் கம்பி அடித்து, ஆண்டுதோறும் அதே கோட்டில் படமெடுப்பது இதற்கு நேர்மாறு: துல்லியம் அதிகம், காணும் இடம் சிறிது. இரண்டையும் சேர்த்து நடத்துபவர்களின் எண்களைத்தான் நான் கூடுதலாக நம்புவேன்.

பரப்பு எண்ணில் மறைந்துவிடும் முதல் சங்கதி, எந்தப் பவளம் என்பது. மான்கொம்பு போலக் கிளைக்கும் பவளங்களும் மேசை போல விரியும் பவளங்களும் அக்ரோபோரா இனத்தைச் சேர்ந்தவை. கிளைப்பவை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டையாக வளரும் போரைட்டஸ் வகைகளோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஆனால் நூற்றாண்டுகள் நிற்கும். 2022இன் உயர்வுக்குப் பெரும்பங்கு காரணம் அக்ரோபோரா. தீப்பிடித்த மேட்டில் முதல் மழைக்குப் பின் பச்சை படர்வதைப் போல அது விரைந்து படர்ந்திருந்தது. வெப்பத்தில் முதலில் சாவதும், புயல் அலையில் முதலில் ஒடிவதும், முட்கிரீட நட்சத்திர மீன்கள் விரும்பித் தின்பதும் அதே அக்ரோபோராதான். அறிக்கையை எழுதியவர்கள் இதை அப்போதே எச்சரித்திருந்தார்கள். தலைப்புச் செய்திகளில் அந்தப் பத்தி வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, எப்போது அளந்தார்கள் என்பது. 2024 கோடையில் அந்தத் திட்டில் மறுபடி கடும் வெளுப்பு வந்தது. ஆனால் அந்த ஆண்டின் அறிக்கையில் பரப்பு இன்னும் உயர்வாகவே இருந்தது. பல இடங்களை வெளுப்புக்கு முன்போ, வெளுத்துக்கொண்டிருந்தபோதோ பார்த்திருந்தார்கள். வெளுத்த பவளம் உயிரோடுதான் இருக்கிறது என்பதால் அது உயிருள்ள பரப்பில் சேர்ந்துவிடும். சாவு எவ்வளவு என்பது அடுத்த சுற்றில்தான் தெரிய முடியும்.

வெள்ளை என்றால் செத்தது என்று பொருளில்லை

கள ஆய்வில் மிகவும் கவனம் கேட்கும் இடம் இது. கீழே ஒரு பவளம் வெள்ளையாகத் தெரிகிறது. அதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்.

வெப்பம் தாங்காமல் பவளம் தன் நுண்பாசிகளை இழந்திருந்தால், திசு கண்ணாடி போலாகி உள்ளேயிருக்கும் எலும்புக்கூடு தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் பாலிப்புகள் இருக்கும். சில வாரங்களில் நீர் தணிந்தால் பாசி திரும்பும், நிறமும் திரும்பும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். செத்து ஓரிரு நாள்களே ஆன பவளமும் அதே வெள்ளைதான். ஆனால் அதில் திசு இருக்காது; கூட்டின் குழிகள் கூர்மையாகத் தெரியும். சில வாரங்களுக்குள் அதன்மேல் மெல்லிய இழைப்பாசி படர்ந்து பழுப்பாகிவிடும். அப்புறம் பார்ப்பவருக்கு அது எப்போது, எதனால் செத்தது என்று சொல்ல முடியாது. மூன்றாவது காரணம் தின்னிகள்: முட்கிரீட நட்சத்திர மீன் தின்றுவிட்டு நகர்ந்த தடம் பளீரென்ற வெள்ளைத் திட்டாக இருக்கும். அக்கம்பக்கத்து இடுக்கில் தேடினால் ஆள் அகப்படும். அதுபோன்ற ஒன்று ஆண்டுக்குப் பத்துச் சதுர மீட்டர் வரை பவளம் தின்னும். நான்காவது நோய். உயிருள்ள திசுவுக்கும் வெறும் எலும்புக்கும் நடுவே தெளிவான எல்லைக்கோடு தெரியும். நாளுக்கு நாள் அது முன்னேறும். 2014இல் மயாமி அருகே முதலில் காணப்பட்டு கரீபியன் முழுதும் பரவிய திசு இழப்பு நோய், 20க்கும் மேற்பட்ட பவள வகைகளை இப்படித்தான் உரித்துக்கொண்டு போனது.

நான்குக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. நட்சத்திர மீனென்றால் முக்குளிப்பவர்களை அனுப்பி ஊசிபோட்டுக் கொல்லலாம். வெப்பத்துக்கு அப்படிக் கைவைத்தியம் கிடையாது. நான்கையும் 'வெளுப்பு' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடும் ஆய்வால் திட்டைப் பராமரிக்கும் மேலாளருக்கு ஒரு பயனும் இல்லை.

நிறத்தைக் கண்மதிப்பில் சொல்வதிலும் சிக்கல் உண்டு. நீர் முதலில் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஆளுக்கு ஆள் பார்வையும் வேறுபடும். இதற்காக 2002இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு நிற அட்டை உருவாக்கினார்கள். அட்டையைப் பவளத்தின் பக்கத்தில் பிடித்து, அதிலுள்ள ஆறு படிகளில் எதோடு நிறம் ஒத்துப்போகிறது என்று குறிக்க வேண்டியதுதான். அதே பவளத்தின் நிறம் இரண்டு படி மாறினால் உள்ளேயிருக்கும் பாசியின் அளவு மாறிவிட்டது என்று பொருள். பல லட்சம் ரூபாய்க் கருவி தராத ஒழுங்கை இந்த அட்டை தந்தது.

வெப்பத்தின் கணக்கு

வெளுப்பு வருமா என்பதைக் கடலில் இறங்காமலே ஓரளவு சொல்ல முடிகிறது. அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் தரவைக் கொண்டு 'டிகிரி வெப்ப வாரம்' என்ற அளவை நாள்தோறும் கணக்கிடுகிறது. ஓரிடத்தில் வழக்கமாக ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் சராசரி வெப்பநிலை எவ்வளவோ, அதைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாக ஒரு வாரம் நீடித்தால் ஒரு புள்ளி, இரண்டு டிகிரி நீடித்தால் இரண்டு. கடைசி 12 வாரப் புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். 4ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளுப்பை எதிர்பார்க்கலாம். 8ஐத் தாண்டினால் பரவலாகச் சாவும் தொடங்கும். 2023இல் கரீபியனில் வெப்பம் அந்த அளவுகோலின் உச்சியையே மீறியதால், 20ஐத் தாண்டும் நிலைவரைக்கும் புதிய எச்சரிக்கைப் படிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1998, 2010, 2014–17 ஆகியவற்றுக்குப் பின் நான்காவது உலகளாவிய வெளுப்பு நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

இந்த அளவு நோய்க்கான காரணத்தைச் சொல்கிறதே ஒழிய நோயாளியின் நிலையைச் சொல்வதில்லை. ஒரே வெப்பப் புள்ளியில் ஒரு திட்டு சுருண்டு விழும், பக்கத்துத் திட்டு தாக்குப்பிடிக்கும். மேகமூட்டம், நீரோட்டம், முன்பு பட்ட வெப்ப அனுபவம், பவள வகை என்று காரணங்கள் உண்டு. செயற்கைக்கோள் 'இங்கே போய்ப் பார்' என்று கைகாட்டும். பார்ப்பது மனிதர் வேலைதான்.

ஜமைக்காவும் ஸ்காட் திட்டும்

அடி விழுந்தபின் எழுந்து வருவதில்தான் நலம் என்று சொன்னோமே, அந்த மீண்டெழும் திறனை எங்கே தேடுவது? இரண்டு கதைகள் போதும் என்று நினைக்கிறேன்.

ஜமைக்காவின் திட்டுகளில் 1970களின் கடைசியில் அடிப்பரப்பில் பாதிக்கு மேல் பவளம் இருந்தது. பாசி 4 சதவீதம் மட்டும். பார்த்தவர்களுக்கு நலமான திட்டு. ஆனால் பாசியைத் தின்னும் கிளிமீன் போன்றவற்றை வெகுகாலமாகவே அளவுமீறிப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். அந்த வேலையைத் தனியாளாகச் செய்துகொண்டிருந்தது நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட கடல் முள்ளெலி. 1980இல் ஆலன் சூறாவளி பவளங்களை நொறுக்கியது. அதிலிருந்து மெல்ல எழத் தொடங்கிய நேரத்தில், 1983இல் பனாமாவில் தொடங்கிய ஒரு நோய் ஏறக்குறைய ஓராண்டுக்குள் கரீபியன் முழுதும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட முள்ளெலிகளைக் கொன்றது. மேய்வதற்கு இனி யாரும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பவள ஆய்வாளர் டெரி ஹியூஸ் கணக்கெடுத்தபோது பவளம் சுமார் 3 சதவீதம், பாசி 92 சதவீதம். நொறுக்கியது சூறாவளிதான், ஆனால் எழவிடாமல் செய்தது பாசியை மேய்பவை இல்லாமல் போனது. 1979இல் பவளப் பரப்பை மட்டும் அளந்தவருக்கு இந்த ஆபத்து கண்ணிலேயே பட்டிருக்காது.

மேற்கு ஆஸ்திரேலியக் கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது ஸ்காட் திட்டு. 1998 வெப்பத்தில் அதன் பவளத்தில் பெரும்பகுதி அழிந்தது. அருகில் வேறு திட்டு இல்லாததால் வெளியிலிருந்து இளம்பவளங்கள் வந்துசேர வாய்ப்பும் குறைவு. இது இனித் தேறாது என்றுதான் தோன்றியது. ஆனால் 12 ஆண்டுகளில் முன்பிருந்த அளவுக்கு ஏறக்குறைய எழுந்துவிட்டது. அங்கே சேறு இல்லை, உரக்கழிவு இல்லை, பாசி மேயும் மீன்கள் நிறைய இருந்தன. தப்பிப் பிழைத்த சில பவளங்களின் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளப் பாறை சுத்தமாக இருந்தது. 2016இல் அது மறுபடி கடுமையாக அடிபட்டது வேறு கதை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பரப்பைத் தவிர வேறு எதையெல்லாம் அளக்க வேண்டும் என்பது தானாகவே தெரியும். பாசி எவ்வளவு, அதிலும் சதைப்பற்றுள்ள பெரும்பாசி எவ்வளவு. மேயும் மீன் எத்தனை கிலோ. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவான இளம்பவளங்கள் ஒரு சதுர மீட்டரில் எத்தனை. பாறைமேல் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசி இருக்கிறதா (பவளக் குஞ்சுகள் பல அதைத் தேடித்தான் ஒட்டுகின்றன), அல்லது சேறு பிடித்த இழைப்பாசி மெத்தை இருக்கிறதா. என்னிடம் ஒரே ஒரு கூடுதல் அளவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இளம்பவள எண்ணிக்கையைத்தான் எடுப்பேன். நாளைய பரப்பு அதற்குள் இருக்கிறது. தரையோடு தரையாகக் கண்ணை வைத்துத் தேட வேண்டிய சலிப்பான வேலை என்பதால் பல ஆய்வுகளில் முதலில் கழற்றிவிடப்படுவதும் அதுதான்.

மீன்களைப் பொறுத்தவரை எண்ணிக்கையைவிட நீளம் முக்கியம். நாடாவின் இரு பக்கமும் சில மீட்டருக்குள் நீந்துபவற்றின் வகையையும் நீளத்தையும் மதிப்பிட்டு எடையாக மாற்றுகிறார்கள். மீன்பிடிப்பே இல்லாத திட்டில் ஹெக்டேருக்குச் சுமார் 1,000 கிலோ மீன் இருக்கும் என்பது உலகளாவிய ஆய்வொன்றின் கணக்கு. களவா, சங்கரா போன்ற பெரிய மீன்கள் மறைந்து பொடிமீன்கள் மட்டும் மொய்த்தால், பவளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் திட்டில் எதையோ கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

கட்டடம் நிற்கிறதா என்பது இன்னொரு கேள்வி. முன்பெல்லாம் ஒரு சங்கிலியைத் திட்டின் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் படியவிட்டு, அது நேர்கோட்டில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். வித்தியாசம் பெரிதானால் மீன் ஒளிய இடம் அதிகம். இப்போது நூற்றுக்கணக்கான படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரியே செய்துவிடுகிறார்கள். இதைவிட அடிப்படையான கணக்கு, சுண்ணாம்பின் வரவு செலவு. பவளம் கட்டுகிறது, கிளிமீனும் முள்ளெலியும் துளைக்கும் கடற்பஞ்சும் அரிக்கின்றன. கரீபியனில் கிறிஸ் பெரி குழுவினர் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, உயிருள்ள பவளம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வரவைச் செலவு மிஞ்சிவிடுகிறது. ஆய்ந்த இடங்களில் 37 சதவீதம் ஏற்கெனவே அப்படித் தேய்ந்துகொண்டிருந்தன. அலையைத் தடுக்கும் சுவராகத் திட்டை நம்பியிருக்கும் கரைகளுக்கு முக்கியமான எண் இது.

மதிப்பெண் அட்டைகள்

இத்தனை அளவுகளை ஆட்சியாளர்கள் படிக்க மாட்டார்கள் என்பதால் கூட்டுக் குறியீடுகள் வந்தன. மெக்சிகோ, பெலீஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் கரைகளை ஒட்டிய மீசோ அமெரிக்கத் திட்டுக்கு பவளப் பரப்பு, பெரும்பாசி, மேயும் மீன், வணிக மீன் ஆகிய நான்கைச் சேர்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். நல்ல தெரிவு என்பேன். நான்கில் மூன்று மீண்டெழும் திறனையோ மனிதர் கொடுக்கும் அழுத்தத்தையோ காட்டுபவை. ஆனால் சராசரிக்கே உரிய குறை இதிலும் உண்டு. மீன் கூடி, பவளம் குறைந்தால் மொத்த மதிப்பெண் அசையாமல் இருக்கலாம். அட்டையைப் பார்ப்பவர்கள் நான்கு எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.

புதிய கருவிகள் வேலையை வேகப்படுத்தியிருக்கின்றன. படத்தில் புள்ளி வைத்து எது பவளம், எது பாசி என்று பிரிக்கும் வேலையைக் கணினி செய்கிறது. 2021இல் ஆலன் பவள வரைபடம் என்ற திட்டம் உலகின் ஆழமற்ற திட்டுகள் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்து முடித்தது. நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்து இறால்களின் சொடுக்கொலியையும் மீன்களின் முனகலையும் கேட்டு, திட்டு எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் எந்த இனம், நோயா தீனியா, குஞ்சு ஒட்டியிருக்கிறதா என்பதற்கு இன்னும் பயிற்சி பெற்ற கண்தான் வேண்டும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் விடையை மாற்றிவிடும். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் முதலில் பார்த்த கடலையே இயல்பானதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1995இல் மீன்வள அறிஞர் டேனியல் பாலி மீன்வளம் பற்றிச் சொன்னது பவளத்துக்கும் அப்படியே பொருந்தும். 20 சதவீதப் பவளம் ஓரிடத்தில் வீழ்ச்சி, இன்னோரிடத்தில் அதுவே இயற்கை. கலங்கிய நீரில் வளரும் திட்டுகள் சில எப்போதுமே அப்படித்தான். ஆகவே ஓரிடத்தை அதன் பழைய நிலையோடு ஒப்பிடுவதே நியாயம். அந்தப் பழைய நிலையை யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். உலகப் பவளத்திட்டுக் கண்காணிப்பு வலையமைப்பு 73 நாடுகளின் 12,000க்கும் மேற்பட்ட இடங்களின் தரவைச் சேர்த்து, 2009க்கும் 2018க்கும் இடையே உலகின் பவளத்தில் 14 சதவீதம் போய்விட்டது என்று கணித்தது. அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் பலர் பல ஆண்டுகளாக அதே கோட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனதுதான்.

1980களின் தொடக்கத்தில் ஒரு திட்டில் இரு கடும் வெளுப்புகளுக்கு நடுவே சராசரியாக 25 முதல் 30 ஆண்டுகள் கிடைத்தன. 2016 வாக்கில் அது ஆறு ஆண்டாகச் சுருங்கியது. வேகமாக வளரும் பவளங்களுக்கே தேற 10 முதல் 15 ஆண்டு வேண்டும். அடுத்த வெப்பம் வருமுன் இந்தத் திட்டு எவ்வளவு தூரம் எழும் என்று சொல்ல, பரப்போடு இளம்பவளமும் மேயும் மீனும் பாசியும் கையில் இருக்க வேண்டும். ஆற்றுச் சேற்றைத் தடுப்பதா, கிளிமீன் பிடிப்பை நிறுத்துவதா (பெலீஸ் 2009இல் தடைசெய்தது), நட்சத்திர மீனைக் களைவதா, எந்தத் திட்டில் முதலில் என்ற முடிவுகளும் அந்த எண்களைக் கொண்டுதான் எடுக்கப்படுகின்றன.